எல்லோஸ்டோன், கிளேசியர் நடைபயணத்தில் கைத்துப்பாக்கி: சட்டம், உறை, தோட்டா, கரடி ஸ்ப்ரே

தூரநடை:

செப்டம்பர் முதல் வாரம் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா, அங்கிருந்து கிளேசியர் தேசியப் பூங்கா, மொத்தம் பத்து நாள். நான்கு பேர் போகிறோம். ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். அவரிடம் சொந்தமாக ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கி இருக்கிறது. ஒருவர் கிரீன் கார்டு, மற்ற இருவர் எச்-1பி வேலை விசா. இரண்டு இரவு காட்டுக்குள் கூடாரம் போடுவதாகத் திட்டம்.

க்ரிஸ்லி (பழுப்புக் கரடியில் ஒரு வகை) நடமாடும் இடம் என்பதால் துப்பாக்கியை எடுத்துப் போகலாமா என்று பேச்சு ஓடுகிறது. தேசியப் பூங்காவுக்குள் கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கிறதா? 9 மி.மீ. போதுமா? கரடி ஸ்ப்ரே (கரடி மேல் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) இருந்தால் துப்பாக்கி எதற்கு? எடுத்துப் போனால் உடம்பில் எங்கே மாட்டுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டநூல்:

கரடியைப் பற்றி மற்றவர்கள் வந்து சொல்வார்கள். எச்-1பி நண்பர்கள் இருவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர்களுக்குக் கரடியைவிடப் பெரிய ஆபத்து அந்தத் துப்பாக்கிதான்.

ஃபெடரல் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 922(ஜி)(5)(பி)யின்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1, பி-2 எல்லாம் இதற்குள் வரும். வாங்குவது மட்டும்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் இருக்கும் சொல் 'வைத்திருத்தல்'. நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்ப்பதும், சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதற்குள் அடங்கிவிடும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. அது போக, துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெறுவது குடிவரவுச் சட்டத்தில் நாடு கடத்துவதற்குத் தனியான காரணம்.

ஒரு விலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை உரிமம் வைத்திருந்தால் பிரிவு 922(ஒய்)(2) இந்தத் தடையை நீக்குகிறது. ஆனால் நீங்குவது ஃபெடரல் தடை மட்டும். குடிமகன் அல்லாதவர் கைத்துப்பாக்கியை உடம்பில் மறைத்துக் கொண்டுபோகலாமா என்பதை அந்தந்த மாநிலச் சட்டம் தனியாகத் தீர்மானிக்கும். குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள்.

கிரீன் கார்டு உள்ளவருக்கு ஃபெடரல் தடை இல்லை. மாநில விதியை மட்டும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தூரநடை:

மிக்க நன்றி, இது எங்கள் யாருக்குமே தெரியாது. நான்கு பேரும் ஒரே கூடாரத்தில் தூங்கும்போது துப்பாக்கி உள்ளே இருந்தால்? ஒரே காரில் போகும்போது?

சட்டநூல்:

பக்கத்தில் இருப்பதே குற்றம் ஆகாது. துப்பாக்கி இருப்பது தெரிந்து, அதைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பும் எண்ணமும் இருந்தால்தான் 'மறைமுக உடைமை' என்று வாதிட முடியும். அந்த வாதத்துக்கே இடம் தராமல் இருப்பது நல்லது.

நடக்கும்போது துப்பாக்கி உரிமையாளரின் உடம்பில் இருக்கட்டும். காரில் விட்டால் பூட்டிய எஃகுப் பெட்டியில், சாவி அவரிடம் மட்டும். கூடாரத்தில் அவர் படுக்கும் பக்கத்தில், அவர் கைக்கு எட்டும் இடத்தில். 'நான் ஆற்றில் குளித்துவிட்டு வருகிறேன், இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ' என்று விசாக்காரர் கையில் கொடுக்கவே கூடாது.

பலர் தவறும் இடம் இன்னொன்று. சுமையைப் பகிரும்போது தோட்டாப் பெட்டியை இன்னொருவர் பையில் போடுவார்கள். தோட்டா மட்டும் இருந்தாலும் அதே குற்றம்தான். ஒரே ஒரு தோட்டா போதும்.

கஞ்சா பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொன்டானாவில் மாநிலச் சட்டப்படி பெரியவர்கள் பயன்படுத்தலாம். ஆனால் ஃபெடரல் சட்டத்தில், கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, பிரிவு 922(ஜி)(3). தேசியப் பூங்கா ஃபெடரல் நிலம், அங்கே கஞ்சா வைத்திருப்பதே தனிக் குற்றம்.

ஏழுகல்:

பூங்காச் சட்டம் என் பங்கு.

1980களிலிருந்து தேசியப் பூங்காவில் துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, உடனே எடுக்க முடியாதபடி கட்டி வைத்துத்தான் கொண்டுபோகலாம் என்பது விதி. 2009 மே மாதம் கையெழுத்தான கிரெடிட் கார்டுச் சட்டத்தில் ஒரு திருத்தமாக இது மாற்றப்பட்டது. கடன் அட்டைக்கும் கரடிக்கும் தொடர்பு இல்லைதான், ஆனால் அந்த மசோதாவோடு சேர்ந்துதான் இது நிறைவேறியது. 2010 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. இப்போதைய நிலை: பூங்கா எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலச் சட்டம் அனுமதித்தால் பூங்காவுக்குள்ளும் வைத்திருக்கலாம்.

உங்கள் வழித்தடத்தில் இது சுலபம். எல்லோஸ்டோனின் பெரும்பகுதி வயோமிங், வடக்கிலும் மேற்கிலும் ஓரமாக மொன்டானா, மேற்கில் ஒரு துண்டு ஐடஹோ. மூன்றிலும் பெர்மிட் இல்லாமலே குடிமகன் ஒருவர் கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோகலாம். கிளேசியர் முழுக்க மொன்டானா.

ஆனால் இதை வைத்து மற்ற பூங்காக்களுக்கும் கணக்குப் போடாதீர்கள். யோசெமிட்டி கலிஃபோர்னியாவில். அந்த மாநிலம் வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. கிரேட் ஸ்மோக்கி மலை டென்னஸியும் வட கரோலினாவும் சேர்ந்தது. டென்னஸி பக்கம் 2021இலிருந்து பெர்மிட் தேவையில்லை, முகட்டைத் தாண்டி வட கரோலினா பக்கம் இறங்கினால் மறைத்து வைக்கப் பெர்மிட் வேண்டும். அங்கே அப்பலாச்சியன் பாதை என்ற நெடுந்தூர நடைபாதை பல மைல் தூரம் அந்த எல்லைக் கோட்டின் மேலேயே போகிறது. மெய்ன் மாநிலத்தில் 2015 முதல் பெர்மிட் வேண்டாம், ஆனால் அங்குள்ள அகேடியா தேசியப் பூங்காவுக்குப் பெர்மிட் கேட்கும் தனி விதி வைத்திருக்கிறார்கள்.

ஊசியிலை:

ஏழுகல் சொன்னதில் ஒரு சேர்க்கை. வைத்திருக்கலாம் என்பது வேறு, சுடலாம் என்பது வேறு. பூங்கா விதி ஆயுதத்தைப் 'பயன்படுத்துவதை' இன்னமும் தடை செய்கிறது. இலக்குப் பயிற்சி கிடையாது. கரடியை விரட்ட வானத்தை நோக்கி ஒரு வெடி என்பதும் கிடையாது, அதுவே விதிமீறல். உயிருக்கு உடனடி ஆபத்து என்ற தற்காப்புக் காரணம் மட்டும்தான் நிற்கும், அதையும் விசாரணையில்தான் முடிவு செய்வார்கள்.

கட்டடங்களுக்குள் கொண்டுபோகக் கூடாது. பார்வையாளர் மையம், ரேஞ்சர் (பூங்காக் காவலர்) நிலையம், காட்டில் தங்கப் பெர்மிட் வாங்கும் அலுவலகம் எல்லாம் ஃபெடரல் ஊழியர் வேலை பார்க்கும் கட்டடங்கள். வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். மீறினால் பிரிவு 930, ஓராண்டு வரை சிறை. தூரநடை, உங்கள் இரண்டு இரவுக்குப் பெர்மிட் வாங்க அந்த அலுவலகத்துக்குள் போக வேண்டியிருக்கலாம். துப்பாக்கி உள்ளவர் வெளியிலேயே நிற்கட்டும், அல்லது காரில் பூட்டி வைத்துவிட்டு வரட்டும். கழிப்பறைக்குப் போகிற அவசரத்தில் மறந்து நுழைந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

கானகன்:

இனி கரடிக்கு வருவோம். முதலில் கணக்கு.

க்ரிஸ்லி மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும். நொடிக்கு ஏறக்குறைய 50 அடி. திடீர்ச் சந்திப்புகள் பெரும்பாலும் வளைவிலோ புதர் ஓரத்திலோ நடக்கின்றன. 75 அடியில் கரடி கிளம்பினால் உங்களிடம் இருப்பது ஒன்றரை நொடி. பையின் மேல் அறையில் இருக்கும் துப்பாக்கியும் சரி, பக்கவாட்டு வலைப்பையில் செருகிய ஸ்ப்ரேயும் சரி, அந்த ஒன்றரை நொடியில் வெளியே வராது. எதை எடுத்துப் போனாலும் ஒரே கையால், பார்க்காமலே எடுக்கும்படி இருக்க வேண்டும்.

ஸ்ப்ரே ஏன் முதல் தேர்வு என்பதற்குக் காரணம் அதன் மேகம். துப்பாக்கி துள்ளி ஓடிவரும் ஒரு தலையைக் குறிபார்த்து அடிக்கக் கேட்கிறது. ஸ்ப்ரே உங்களுக்கும் கரடிக்கும் நடுவே பல அடி அகலத்தில் ஒரு சுவரை எழுப்புகிறது, கரடி தானே வந்து அதில் நுழைகிறது. கை நடுங்கினாலும் வேலை செய்யும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: 'கரடிக்கு' என்று எழுதியிருக்க வேண்டும், மனிதருக்கான பெப்பர் ஸ்ப்ரே உதவாது. நிகர எடை 7.9 அவுன்ஸுக்குக் குறையக் கூடாது (225 கிராம்). கேப்சைசின் சேர்மங்கள் (மிளகாயின் காரப்பொருள்) 1 முதல் 2 சதவீதம். வீச்சு குறைந்தது 25 அடி, தொடர்ந்து பீய்ச்சினால் குறைந்தது 6 நொடி. காலாவதித் தேதி அடியிலோ பக்கத்திலோ அச்சிட்டிருக்கும். தேதி தாண்டினால் அழுத்தம் கசிந்திருக்கும்.

கானகன்:

தொடர்ச்சி. பயன்படுத்தும் முறை.

புதுக் குப்பியில் பாதுகாப்பு ஆப்பைப் பிளாஸ்டிக் இழையால் கட்டி விற்பதுண்டு. அதை அறையிலேயே வெட்டிவிடுங்கள், ஆப்பு மட்டும் இருக்கட்டும். இழையோடு காட்டுக்குள் நடப்பவர்களை ரேஞ்சர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

கட்டைவிரலால் ஆப்பைப் பின்னால் இழுங்கள். கரடி 30 முதல் 60 அடிக்குள் வரும்போது, அதன் தலைக்குச் சற்றுக் கீழே குறிவைத்து 2 முதல் 3 நொடி பீய்ச்சுங்கள். உயரமாகப் பீய்ச்சினால் மேகம் கரடியின் முதுகுக்கு மேலே போய்விடும், ஓடிவரும் கரடி தலையைத் தாழ்த்தித்தான் வரும். நிற்கவில்லை என்றால் மறுபடி, இம்முறை முகத்துக்கு நேராக. மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும் வழிக்கும் தேவைப்படும்.

கெடுப்பவை: எதிர்க்காற்று வீச்சைக் குறைக்கும். குளிர் அழுத்தத்தைக் குறைக்கும், அதனால் இரவில் குப்பியைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் குப்பி வெடிக்கும். கொசு மருந்து மாதிரி கூடாரத்தின் மேலும் பையின் மேலும் அடிக்காதீர்கள். காய்ந்த மிளகாய் எச்சத்தின் மணம் கரடியை ஈர்க்கும்.

மூன்றாம்வளைவு:

கானகன் சொல்வதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் 'ஸ்ப்ரே 98 சதவீதம், துப்பாக்கி 50-50' என்று பரவலாக ஓடும் பேச்சைத் திருத்த வேண்டும்.

கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் மற்றவர்களோடு செய்த அலாஸ்கா ஆய்வுகள் இரண்டு. 2008இல் வந்தது ஸ்ப்ரே பற்றி: 83 சம்பவங்கள். பழுப்புக் கரடியின் வேண்டாத நடத்தையை ஸ்ப்ரே நிறுத்தியது 92 சதவீதம், கருங்கரடியில் 90 சதவீதம். நெருக்கத்தில் ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமில்லை. 2012இல் வந்தது துப்பாக்கி பற்றி: 1883 முதல் 2009 வரை 269 சம்பவங்கள். கைத்துப்பாக்கி 84 சதவீதம், நீள்துப்பாக்கி 76 சதவீதம் பலன் தந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஸ்ப்ரே பட்டியலில் முகாமைச் சுற்றி மோப்பம் பிடிக்க வந்த கரடிகளும் கணிசமாக இருக்கின்றன. துப்பாக்கிப் பட்டியலில் பாய்ந்த கரடிகள் அதிகம், காயம் பட்டதால் பதிவேட்டில் ஏறிய சம்பவங்களும் அதிகம். ஒன்றும் ஆகாமல் முடிந்த துப்பாக்கிச் சந்திப்பை யார் எழுதி வைக்கிறார்கள்?

கானகன்:

சரியான திருத்தம், மூன்றாம்வளைவு. ஒப்பீடாக எடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2012 ஆய்வின் இன்னொரு முடிவு உங்கள் பட்டியலில் விட்டுப்போயிற்று. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், துப்பாக்கி இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் முடிவில் புள்ளியியல்ரீதியான வேறுபாடு தெரியவில்லை. இது ஒரே பட்டியலுக்குள் செய்த ஒப்பீடு. உறையிலிருந்து நேரத்துக்கு எடுக்க முடியாமை, பாதுகாப்புப் பூட்டை மறந்தது, நடுவில் நண்பர் நின்றதால் சுட முடியாமை, தோட்டா சிக்கியது என்று தோல்விக்கான காரணங்கள் எல்லாம் கையாளும் திறமையைச் சார்ந்தவை. ஸ்ப்ரேக்கு அரை மணி நேரப் பயிற்சி போதும். துப்பாக்கிக்கு அது போதாது.

மூன்றாம்வளைவு:

அதில் எனக்கு மறுப்பில்லை. பயிற்சி இல்லாதவர் துப்பாக்கியை வீட்டில் விட்டு வரட்டும். பயிற்சி உள்ளவர் ஸ்ப்ரேயோடு கூடுதலாக எடுத்து வருவதில் தவறில்லை. ஒரு நிபந்தனையோடு: எது எந்தக் கையில் என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கை போனால் இரண்டுமே வராது.

இனி தூரநடையின் 9 மி.மீ. கேள்வி.

மனிதத் தற்காப்புக்கு விற்கும் குழிமுனைத் தோட்டா உள்ளே போனதும் விரிந்து நின்றுவிடும்படி செய்தது. கரடிக்கு அது நேர்மாறான வேலை. தடித்த ரோமம், கொழுப்பு, தோள் தசை, சாய்ந்த மண்டையோடு எல்லாவற்றையும் துளைத்துப் போக வேண்டும். அதற்கு விரியாத, கெட்டி ஈயத்தில் வார்த்த தட்டைமுனைத் தோட்டா, அல்லது முழுச் செம்புத் தோட்டா. 9 மி.மீ.க்கு 147 கிரெய்ன் எடையில் இந்த வகை கிடைக்கும். 2016இல் அலாஸ்காவில் மீன்பிடி வழிகாட்டி ஒருவர் இதே வகைத் தோட்டாவால் 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் பாய்ந்த பழுப்புக் கரடியை வீழ்த்தினார். ஆனால் அவர் பல பத்தாண்டு அனுபவமுள்ள வழிகாட்டி என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே வாங்குபவர்கள் 10 மி.மீ. ஆட்டோவில் 200 முதல் 220 கிரெய்ன், அல்லது .44 மேக்னம் சுழல்துப்பாக்கி என்று போகிறார்கள்.

கெட்டி ஈயத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிளாக் போன்ற துப்பாக்கிகளின் பழைய தலைமுறைக் குழல்கள் பலகோண வரிப்பள்ளம் (தோட்டாவைச் சுழலவைக்கும் உட்பள்ளம்) கொண்டவை. பூச்சில்லாத ஈயத் தோட்டாவை அதில் சுட்டால் ஈயம் படிந்து அழுத்தம் ஏறும், கிளாக் நிறுவனமே அதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. பூச்சுள்ள ஈயம் அல்லது செம்பு எடுங்கள், இல்லையென்றால் வெட்டுப்பள்ளம் உள்ள வேறு குழல் மாற்றுங்கள்.

எந்தத் தோட்டாவாக இருந்தாலும் கொண்டுபோகப் போகிற அதே வகையில் குறைந்தது 50 சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது. தட்டைமுனை சில துப்பாக்கிகளில் அறைக்குள் ஏறாமல் சாய்தளத்தில் முட்டி நிற்கும். அப்படி ஒரே ஒரு முறை நின்றாலும் அந்தத் தோட்டாவை மாற்றிவிடுங்கள். மணிக்கட்டைத் தளர்த்திச் சுட்டாலும் மேல்பகுதி முழுக்கப் பின்னால் போகாமல் சிக்கும். ஒற்றைக் கையால், இடக்கையாலும் சுட்டுச் சோதியுங்கள், கரடி ஒரு கையைப் பிடித்த நிலையில்தான் அது தேவைப்படலாம்.

எடை குறைந்த சுழல்துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. ஐந்தாறு முறை உதைத்த பிறகு, சுடாமல் மிஞ்சிய தோட்டாவின் ஈயம் பித்தளை உறையிலிருந்து முன்னால் நகர்ந்து வந்துவிடும். அது உருளையின் முன் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் உருளை சுழலாது. ஐந்து சுட்டுவிட்டு ஆறாவதை வெளியே எடுத்து, சுடும் முன் எடுத்த நீளத்தோடு காலிப்பரில் ஒப்பிடுங்கள். நகர்ந்திருந்தால் அந்தத் தயாரிப்பை விட்டுவிடுங்கள்.

வடதிசை:

உறை விஷயத்தில் உதவுங்கள், மூன்றாம்வளைவு அண்ணா. இடுப்பில் மாட்டினால் பையின் இடுப்புப்பட்டை மறைக்கிறதே?

மூன்றாம்வளைவு:

மறைக்கும். அதனால்தான் இடுப்பு உறை முதுகுப்பையோடு ஒத்துவராது. அங்கே தேவை மார்பு உறை. தோள், முதுகு, விலா என மூன்று பட்டைகளில் மார்பின் குறுக்கே சாய்வாக நிற்கும். பையின் பட்டைகளை அதன் மேல் மாட்டலாம், பையைக் கழற்றி வைத்தாலும் துப்பாக்கி உங்களோடு இருக்கும். பையின் தோள்பட்டையிலேயே மாட்டும் உறையைத் தவிருங்கள். ஓய்வெடுக்கப் பையை மரத்தடியில் சாய்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவீர்கள், துப்பாக்கி பையோடு நிற்கும். காட்டில் நடக்கும் தவறுகளில் இதுதான் முதலிடம். ஸ்ப்ரேக்கும் இதே விதி.

மார்பு உறையின் குறை: வெளியே இழுக்கும்போது குழல்வாய் உங்கள் இடக்கையையும், இடப்பக்கம் நிற்பவரையும் தடவிக்கொண்டு போகும். ஆகவே இடக்கை எப்போதும் மார்போடு ஒட்டி இருக்கட்டும். உறை விசையை முழுவதும் மூட வேண்டும், பட்டன் அல்லது இறுக்கத் திருகு வேண்டும். பாறை ஏறும்போது குனிந்தால் விழக் கூடாது. கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறையை ஈரம் ஒன்றும் செய்யாது. தோல் உறை வியர்வையை உறிஞ்சி இரும்பை அரிக்கும்.

பயிற்சி: தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, தோட்டாப் பெட்டியை வேறு அறையில் வைத்துவிட்டு, முழுச் சுமையுள்ள பை, மழைச் சட்டை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு எடுத்துப் பழகுங்கள். மழைச் சட்டையின் ஜிப் உறையை மூடிவிடுவது அப்போதுதான் தெரியவரும்.

நடைக்கோல் வைத்திருப்பவர்கள் கரடி நாட்டில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டாதீர்கள். கோலை உதறிக் கீழே போட முடியாமல் கை அதோடு இழுபடும்.

ஊசியிலை:

சுட்ட பிறகு என்ன என்பதை யாரும் தொடவில்லை.

2010 மே மாதம், புதுச் சட்டம் வந்த மூன்றே மாதத்தில், அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் இது நடந்தது. புதரிலிருந்து வந்த க்ரிஸ்லி இருவரில் ஒருவரை நோக்கிப் பாய, மற்றவர் .45 கைத்துப்பாக்கியால் ஒன்பது முறை சுட்டார். கரடி புதருக்குள் திரும்பி ஓடியது. செத்துவிட்டதா, காயமா என்பது அவர்களுக்குத் தெரியாது. நேராக ரேஞ்சரிடம் போனார்கள். காயம்பட்ட கரடி உலவக்கூடும் என்பதால் அந்தப் பகுதியையே மூடினார்கள், பிறகுதான் உடல் கிடைத்தது. கரடி உடனே சுருண்டு விழும் என்று யாரும் எண்ண வேண்டாம். மூளையிலோ முதுகுத்தண்டிலோ படாத தோட்டா அதை அந்த நொடியில் நிறுத்தாது.

செய்ய வேண்டியவை: பின்தொடராதீர்கள். புதருக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். எல்லோரும் ஒன்றாக, கரடி போன திசைக்கு எதிரே விலகுங்கள். கைப்பேசி சிக்னல் பெரும்பாலும் இருக்காது, ஆகவே செயற்கைக்கோள் தொடர்புக் கருவி இருந்தால் அதில் இருக்கும் அவசரப் பொத்தானை அழுத்தி இடத்தைத் தெரிவியுங்கள். எதிரே வரும் நடைபயணிகளைத் தடுத்து எச்சரியுங்கள். சம்பவ இடத்தில் சுட்ட தோட்டாக்களின் காலி உறைகளைப் பொறுக்காதீர்கள், கரடியைத் தொடாதீர்கள்.

அலாஸ்காவுக்குத் தெற்கே உள்ள மாநிலங்களில் க்ரிஸ்லி 1975 முதல் அழியும் ஆபத்துள்ள உயிரினங்களுக்கான சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. தற்காப்புக்குக் கொல்லலாம் என்ற விலக்கு உண்டு, ஆனால் ஐந்து நாளுக்குள் ஃபெடரல் மீன் மற்றும் வனவிலங்குத் துறைக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். பூங்காவுக்குள் என்றால் ரேஞ்சருக்கு உடனே. கரடியை நீங்களே நெருங்கிப் படம் எடுக்கப் போய் அது பாய்ந்திருந்தால் தற்காப்பு வாதம் ஆட்டம் காணும். கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது எல்லோஸ்டோன் விதி. ஆளில்லாத இடத்தில் உங்கள் கைப்பேசியில் உள்ள படமே அதற்குச் சாட்சியாகிவிடும்.

தூரநடை:

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் நியூவர்க் விமான நிலையத்தில் மாறி மொன்டானாவில் உள்ள போஸ்மன் போகிறோம். துப்பாக்கியைச் சரக்குப் பையில் போட்டால் சரியா? ஸ்ப்ரேயையும் இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா? கிளேசியரிலிருந்து கனடா பக்கம் வாட்டர்டனுக்கும் ஒரு நாள் போக ஆசை.

சட்டநூல்:

மூன்றுமே சிக்கலான கேள்விகள்.

விமானத்தில்: தோட்டா நீக்கிய துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டி, சரக்குப் பை மட்டும், கவுன்டரில் வாயால் தெரிவிக்க வேண்டும். சாவி உரிமையாளரிடம் மட்டும். தோட்டா அதற்கான பெட்டியில். பல விமான நிறுவனங்கள் 11 பவுண்டு வரை ஏற்கின்றன. பெட்டியை உரிமையாளர்தான் பதிவு செய்ய வேண்டும், அவர் பெயரில்.

நியூவர்க்தான் பிரச்சினை. பெட்டி நேராக போஸ்மனுக்குப் போனால் ஒன்றுமில்லை. விமானம் ரத்தாகி, பையை உங்கள் கையில் கொடுத்து ஓட்டலுக்கு அனுப்பினால், நியூ ஜெர்சிச் சட்டத்தின்கீழ் நீங்கள் பெர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் ஆகிவிடுவீர்கள். யூட்டாவைச் சேர்ந்த ஒருவருக்கு 2005இல் அதே விமான நிலையத்தில் இதுதான் நடந்தது. இரவு ஓட்டலில் தங்கிவிட்டு மறுநாள் காலை பையைப் பதிவு செய்யும்போது கைது. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைக் காக்கும் 1986 சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் சொன்னது, ஏனென்றால் அந்த இரவு பெட்டி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. வேறு ஊர் வழியாக டிக்கெட் எடுங்கள். முடியாவிட்டால், அங்கே விமானம் ரத்தானால் பையை வாங்கவே வாங்காதீர்கள், விமான நிறுவனத்திடமே இருக்கட்டும்.

கனடா: கைத்துப்பாக்கியோடு எல்லை கடக்க முயலாதீர்கள். கைத்துப்பாக்கி இறக்குமதியை அவர்கள் 2022இல் நிறுத்திவிட்டார்கள், எல்லையில் பறிமுதலும் வழக்கும் நிச்சயம். அந்த ஒரு நாளுக்காக மொன்டானாப் பக்கம் காரில் விட்டுப் போவதும் நல்ல யோசனை இல்லை, நடைபாதை வாகன நிறுத்தங்களில் கண்ணாடி உடைப்புத் திருட்டு நடக்கும். துப்பாக்கி உள்ளவர் அன்று கிளேசியரிலேயே தங்கட்டும்.

கானகன்:

ஸ்ப்ரேயைக் கைப்பையிலும் சரக்குப் பையிலும் ஏற்ற விடமாட்டார்கள். போஸ்மனில் இறங்கி வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று, நான்கு பேருக்கு நான்கு குப்பி. 'முன்னால் போகிறவரிடம் ஒன்று இருந்தால் போதும்' என்று சிக்கனம் பார்க்காதீர்கள், பாய்ச்சல் பின்னால் வருபவர் மேலும் விழும். விசாவில் இருப்பவர்கள் ஸ்ப்ரே வைத்திருக்க ஃபெடரல் தடை ஏதும் இல்லை. விலங்குக்கு என்று லேபிள் உள்ள குப்பியைக் கனடா எல்லையிலும் கொண்டுபோகலாம், அதிகாரி கேட்டால் காட்டுங்கள். யோசெமிட்டிக்கு என்றாவது போனால் மட்டும் நினைவில் வையுங்கள், அங்கே கரடி ஸ்ப்ரேக்குத் தடை. அங்கே க்ரிஸ்லி கிடையாது, கருங்கரடி மட்டும்.

நடக்கும்போது நான்கு பேரும் பிரியாமல், வளைவுக்கு வளைவு சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். கையில் கட்டும் சிறு மணி போதாது, மனிதக் குரல் வேண்டும். ஓடைச் சத்தம் கேட்கும் இடத்திலும், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்போதும் இன்னும் உரக்க, ஏனென்றால் அப்போது உங்கள் வாடை கரடிக்குப் போகாது. செப்டம்பரில் கரடிகள் குளிர்காலத்துக்கு உடம்பு ஏற்றுவதற்காக நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்கும். பெர்ரிப் புதர் நெருக்கமாக உள்ள பாதைகளில் தலையைக் குனிந்து தின்பதால் உங்களைக் கவனிக்காது. அழுகல் வாடையோ, ஒரே இடத்தில் காகக் கூட்டமோ கண்டால் இறைச்சி கிடக்கிறது, கரடி பக்கத்தில் காவல் இருக்கும், வந்த வழியே திரும்புங்கள்.

திரும்பும்போது மிஞ்சிய ஸ்ப்ரேயைக் குப்பையில் போடாதீர்கள், குப்பை வண்டியில் நசுங்கி வெடிக்கும். எல்லோஸ்டோனில் பார்வையாளர் மையங்களில் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் பயணம் கிளேசியரில் முடிவதால், விமான நிலையம் போகும் முன் அங்குள்ள ரேஞ்சர் நிலையத்தில் எங்கே கொடுப்பது என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

வடதிசை:

வாடகைக் காரில் நான்கு குப்பியையும் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடியுள்ள குளிர்பெட்டியில் போட்டு, இருக்கைக்கு அடியில் நிழலில் வையுங்கள்.